ஆர்டிஸ் சொன்ன வேண்டாம்

செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஈனோஸ் ஷ்ராக் குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு பதினொரு மைல் வந்து, ஆர்டிஸ் சுன்ட்பியின் வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்க கொட்டகைக்குக் கூரை போட்டுத் தரோம். வர்ற சனிக்கிழமை இருபத்து மூணு பேர் வருவோம். மரம் அறுத்து ரெடியா இருக்கு. வேணுமா?"

ஆர்டிஸுக்கு வயது அறுபத்தாறு. அந்த வயதிலும் நெஞ்சு ஒரு குதி குதித்தது. கண்ணில் நீர்கூட முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "ஐயோ, வேண்டாம் ஈனோஸ். உங்களுக்கே தலைக்கு மேல வேலை கிடக்கும்."

"சரி" என்றார் ஈனோஸ். வண்டியில் ஏறினார், கடிவாளத்தைத் தட்டினார், போய்விட்டார். ஆர்டிஸ் வாசலிலேயே நின்றாள். வண்டி ரோட்டு முனையில் திரும்பும்வரை, அது நின்றுவிடும், அவர் இறங்கி வந்து மறுபடி கேட்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மேற்கு மேட்டு லூத்தரன் சபைக் கிறிஸ்தவர்களிடையே பிறந்த எவளும் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டாள். அங்கே முதல் தடவை கேட்டால் வேண்டாம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம். மூன்றாம் தடவை கேட்டால்தான், இவ்வளவு சொல்றீங்களேன்னு சரிங்கறேன். ஒரு துண்டு கேக்குக்கும் இதே சட்டம், சிறுநீரகத்துக்கும் இதே சட்டம். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த மேட்டில் ஒருவனுக்கு அவன் அண்ணன் சிறுநீரகம் தர வந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே இரண்டு முறை வேண்டாம் என்றான் அந்த மகராசன். அண்ணனும் அதே மேட்டுக்காரன் என்பதால் பிழைத்தான்.

தெற்கே ஈனோஸின் ஜனம், காரும் கரண்டும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ்காரர்கள், அப்படி இல்லை. அவர்களிடம் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் அது பொய், பொய் பாவம் என்று அவர்கள் சபையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். லூத்தரன் சபையிலும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு எல்லோரும் கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அடித்த காற்று டன்மோர் கவுண்டியில் பதினாறு கொட்டகைகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. ஆர்டிஸின் கூரை முழுசாகக் கிளம்பி, சோளக்காட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குப்புறக் கிடந்தது. மாடுகள் இருபத்தெட்டும் கொட்டகையின் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பின. அவற்றின் தலைக்கு மேல் இப்போது வைக்கோல் பரணின் பலகை, பலகைக்கு மேல் ஒரு நீலத் தார்ப்பாய், அதற்கு மேல் வானம். மழை பெய்தால் பலகை சொட்டியது. ஊறிப்போன அந்தப் பலகை மீது பனி ஏறி உட்கார்ந்தால் தாங்காது. குழாய்த் தண்ணீரும் உறைந்துவிடும். கவுண்டியில் இருந்த தச்சர்கள் அத்தனை பேரும் வசந்தம்வரை கைவசம் வேலை வைத்திருந்தார்கள்.

மேடிசன் நகரத்தில் இருந்த மகன் டேரின் ஞாயிறுதோறும் போன் செய்தான். அக்டோபர் முதல் ஞாயிறன்று அவன் கேட்டான்: "அம்மா, நவம்பர் ரெண்டாம் தேதிக்குள்ள கூரை வரலைன்னா மாடுங்களை ஏலத்துக்கு அனுப்பிடலாம். பனியில சாகறதுக்கு இது தேவலை இல்லையா? லாரிக்குச் சொல்லட்டுமா?"

"உன் இஷ்டம்" என்றாள் ஆர்டிஸ்.

உன் இஷ்டம் என்றால் மேற்கு மேட்டில் சத்தியமாகக் கூடாது என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் மேடிசனில் இருந்தவனுக்கு அதெல்லாம் மறந்துபோயிருந்தது. லாரிக்குச் சொல்லிவிட்டான்.

மாடுகள் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஆர்டிஸுக்கு நன்றாகத் தெரியும். கணவன் ரோல்ஃப் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. இறந்த மறுநாள் காலை நாலரை மணிக்கு அவளை எழுப்பியது மாடுகள்தான். மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. துக்கமாவது ஒன்றாவது, எழுந்து போய்க் கறந்தாள். அதற்கடுத்த நாளும் கறந்தாள். அப்படித்தான் நான்கு வருஷம் ஓடியது. அவை போய்விட்டால் டவுனில் முதியோர் இல்லத்தில் ஒரு வெளிச்சமான அறை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மதியம் சீட்டாட்டம். மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். அவளுக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

ஈனோஸ் இரண்டாம் முறை கேட்க வருவார் என்று சனிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்தாள். குளம்புச் சத்தம் கேட்டால் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். வண்டி தீவனக் கடைக்குப் போகும், திரும்பி வரும். ஈனோஸ் தலையை மட்டும் அசைப்பார். நிற்க மாட்டார்.

சரி, அவர்தான் ஆமிஷ்காரர். சொந்த மேட்டு ஜனத்துக்கு என்ன வந்தது? மற்ற வருஷம் என்றால் அவள் இரண்டு தடவை தும்மினாலே யாராவது சூப் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். இப்போது கூரை பறந்து இரண்டு மாதம் ஆகிறது, ஒரு ஈ, காக்கை வரவில்லை. ஆர்டிஸுக்கு உள்ளுக்குள் குமைந்தது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விஷயம் புரிந்தது அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி, சபை விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான். லவோன் அவள் பக்கத்து வயல்காரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. நாக்கில் எலும்பில்லாதவள்.

"அப்புறம், கூரைக்காரங்க எப்ப வராங்க?" என்று லவோன் கேட்டாள்.

"எந்தக் கூரைக்காரங்கடி?"

"அதான், வெளியூர்லேர்ந்து ஆள் வரச் சொல்லியிருக்கியாமே."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஈனோஸ் வந்து கேட்டதுக்கு வேண்டாம்னுட்டியாம். இருபத்து மூணு ஆள் சும்மா வந்து செஞ்சு தரேங்கறப்ப வேண்டாங்கறவ, வேற பெரிய ஏற்பாடு வெச்சிருக்கணும் இல்ல? தீவனக் கடையில எல்லாருக்கும் அதே பேச்சு. எங்க வீட்டுக்காரர் ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பினார். நான்தான் உட்கார வெச்சேன். அவ காரியத்துல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு."

"நீயுமாடி?"

"நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

இரண்டு பேரும் சோப்புத் தண்ணீரில் கை விட்டபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடப்பாவிகளா! ஒரு மேட்டு ஜனம் முழுக்க இரண்டு மாதமாக மரியாதையாக ஒதுங்கி நின்றிருக்கிறது. அவள் மாடு நனைவதை எல்லோரும் ரோட்டிலிருந்து பார்த்து, ஐயோ பாவம் என்று சொல்லி, தொந்தரவு செய்யக்கூடாது என்று மெதுவாக வண்டி ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

"எந்த ஏற்பாடும் இல்ல" என்றாள் ஆர்டிஸ். "லாரி ரெண்டாம் தேதி வருது."

லவோன் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்டாள். "கழுதை! போய் ஈனோஸ்கிட்ட வேணும்னு சொல்லு."

"நானா? நானா போய் எப்படிக் கேக்கறது?"

"வாயால."

"நீ போய்ச் சொல்லேன்."

"நான் சொன்னா இது உன் வார்த்தையா அவ வார்த்தையான்னு கேப்பார் அவர். பத்து நாள்தான் இருக்கு. கூரை வேணும்னு உன் வாயால சொன்னாத்தான் உண்டு."

மறுநாள் காலைக் கறவை முடிந்ததும் ஆர்டிஸ் காரை எடுத்தாள். நெடுஞ்சாலையைக் கடந்து, பெரிய பால் பண்ணையில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்களின் வீடுகளைக் கடந்து, மின்கம்பி நின்றுபோகும் இடத்தில் தெற்கே திரும்பினாள். ஈனோஸ் முற்றத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு மசகு தடவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஆர்டிஸைப் பார்த்ததும் தலையை அசைத்தாள். சிரிக்கவில்லை.

"சோளம் எப்படி?" என்றாள் ஆர்டிஸ்.

"நல்லா இருக்கு."

"மழை விட்டது நல்லதாப் போச்சு."

"ஆமா."

"பொண்ணுக்குக் கல்யாணமாமே."

"ஏழாம் தேதி, வியாழக்கிழமை."

"நிறைய வேலை இருக்கும்."

"இருக்கு."

வேறு எந்த லூத்தரன் வீடாக இருந்தாலும் இந்நேரம், அது சரி, உன் கொட்டகை என்னாச்சு என்று கேட்டிருப்பார்கள். அவளும் அதற்காகத்தான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். ஈனோஸ் கேட்கவில்லை. அவள் வந்த காரியத்தைச் சொல்லட்டும் என்று சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் காத்திருந்தார்.

"சரி, அப்ப நான் வரேன்" என்று ஆர்டிஸ் திரும்பி நடந்தாள். காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். திருகக் கை வரவில்லை. இருபத்தெட்டையும் ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றுவார்கள், ஏறாததை வாலை முறுக்குவார்கள், அவள் ஓரமாக நின்று லாரிக்காரனுக்குக் காபி வேண்டுமா என்று மூன்று முறை கேட்பாள். அதுதான் நடக்கப்போகிறது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கதவைச் சாத்தக்கூட இல்லை, இறங்கி விறுவிறுவென்று முற்றத்துக்கு நடந்தாள்.

"ஈனோஸ், நான் பொய் சொன்னேன்."

ஈனோஸ் நிமிர்ந்தார். "எப்போ?"

"செப்டம்பர்ல. கூரை வேணுமான்னு கேட்டீங்க, வேண்டாம்னேன். அது பொய். அன்னிக்கே வேணும். இப்பவும் வேணும். கூரை இல்லாட்டி மாடு போயிடும். மாடு போயிட்டா எனக்குன்னு ஒண்ணும் இல்ல."

கொடியருகே ஃபேனி கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றாள்.

"வேணும்னா ஏன் வேண்டாம்னீங்க?" ஈனோஸ் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"எங்க பக்கம் மூணு தடவை கேக்கணும்."

"மூணு தடவையா?"

"மூணு."

"மொத தடவையே சரின்னா என்ன ஆகும்?"

ஆர்டிஸ் யோசித்தாள். அறுபத்தாறு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "ஆலாப் பறக்கறான்னு நினைப்பாங்க."

"யாரு?"



ஈனோஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? இருபத்து மூணு வீட்டுக்கும் போய், அவங்க வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். எங்க கை பட்ட கூரை உங்களுக்கு வேண்டாம் போலன்னு பேசிக்கிட்டோம். எங்க ஆளுங்க உங்க வாசல்ல நிக்கறது பிடிக்கல போலன்னு. ஃபேனி ரெண்டு நாள் அழுதா."

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. மரியாதை, மரியாதை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன வேண்டாம்களில் எத்தனை வேண்டாம் யார் யார் மேல் போய் விழுந்ததோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஃபேனியிடம் போனாள். "அப்படி இல்லம்மா. சத்தியமா அப்படி இல்ல" என்றாள். ஃபேனி ஈரக்கையாலேயே அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

காரியத்துக்கு வந்தார் ஈனோஸ். அறுத்து வைத்த மரம் இப்போது இல்லை. அவள் வேண்டாம் என்றதும் பட்டறை இழந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. புதிதாக அறுக்க வேண்டும். கல்யாணம் முடியாமல் கை ஒழியாது.

"ஒன்பதாம் தேதி சனிக்கிழமை போடலாம். கல்யாணத்துக்கு அயோவாலேர்ந்தும் ஒஹாயோலேர்ந்தும் சம்பந்தி ஜனம் வருது. ஆம்பளைங்க மட்டும் நாப்பது பேர். ஒருத்தருக்கும் சும்மா உட்காரத் தெரியாது."

"லாரி ரெண்டாம் தேதி வருதே. பனியும் அதுக்குள்ள வந்துடும்."

"அதுவரைக்கும் மாடுங்க நிக்க இடம் இருந்தாப் போதுமில்ல? என் கொட்டகையில பன்னிரண்டு நிக்கும். நாங்க கறந்துக்கறோம். கொண்டாறீங்களா?"

கல்யாண வீடு. நாற்பது விருந்தாளிகள். அதற்கு நடுவே அடுத்தவள் மாடு பன்னிரண்டைக் கையால் கறக்க வேண்டும். ஐயோ அதெல்லாம் வேண்டாம் என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

"சரி" என்றாள். "நாளைக்கே கொண்டு வரேன்."

"மிச்சம் பதினாறு?"

"நான் போய்க் கேக்கறேன்."

வீட்டுக்குப் போனால் தைரியம் வடிந்துவிடும் என்று பயந்து, அங்கிருந்தே நேராக ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள். ஆல்வின் ஹெர்டெல் இரண்டு வருஷம் முன்பு மாடுகளை விற்றுவிட்டவர். தொழுவம், கறவை எந்திரம், பால் தொட்டி எல்லாம் அப்படியே இருந்தன. சுன்ட்பி, ஹெர்டெல் இரண்டு குடும்பமும் நூறு வருஷமாக ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போனதில்லை. சந்தையில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார்கள், அவ்வளவுதான்.

"ஆல்வின், எனக்குப் பத்து மாட்டுக்கு இடம் வேணும். மூணு வாரத்துக்கு" என்றாள் ஆர்டிஸ், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ஆல்வின் மிரண்டுவிட்டார். மேற்கு மேட்டு லூத்தரன் ஒருத்தி நேராக வந்து கேட்பதை அவர் பார்த்ததே இல்லை. "யாராவது செத்துட்டாங்களா?" என்றார்.

"யாரும் சாகல. கூரை இல்ல."

அவ்வளவுதான். அந்த மனுஷர் ஸ்வெட்டரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தொழுவத்துக்கு ஓடி விளக்கைப் போட்டார். "பத்து என்ன, பன்னிரண்டு கொண்டா. ரெண்டு வருஷமா நாலரைக்கு முழிப்பு வந்து சுவத்தைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார். பால் வற்றிய ஆறு மாடுகளை லவோன் தன் டிராக்டர் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஆர்டிஸையும் மாடுகளையும் சேர்த்தே திட்டினாள்.

எல்லோரிடமும் கேட்டாயிற்று. டேரினிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிறன்று அவன் போன் செய்தபோது, கூரை வரப்போகிறது, லாரி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அவன், "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டான். "ஒண்ணும் வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊரையெல்லாம் கேட்ட வாய் பெற்ற பிள்ளையிடம் திறக்கவில்லை.

ஆகவே இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, முன்னால் டேரினின் காரும் பின்னால் லாரியும் வந்து நின்றன. டேரின் கொட்டகைக்குள் போய்விட்டு, திகைத்துப்போய் வெளியே வந்தான்.

"அம்மா, மாடுங்க எங்கே?"

"ஈனோஸ்கிட்ட பன்னிரண்டு, ஆல்வின் ஹெர்டெல்கிட்ட பத்து, லவோன்கிட்ட ஆறு. ஒன்பதாம் தேதி ஆமிஷ்காரங்க கூரை போடறாங்க."

"அவங்களா வந்து கேட்டாங்களா?"

"இல்ல. நான் போய்க் கேட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

டேரின் சந்தோஷப்படுவான், அல்லது சண்டை போடுவான் என்று ஆர்டிஸ் நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பால் வாளி மேல் பொத்தென்று உட்கார்ந்தான். நாற்பத்து நான்கு வயது, கண்ணாடி போட்ட ஆள்.

"அப்பா செத்தப்ப நான் வந்து உன்கூட இருக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னே. ஒவ்வொரு ஜூன்லயும் வைக்கோல் அறுப்புக்கு வரட்டுமான்னு கேட்டேன். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், வேண்டாம்னே. போன வாரம்கூட வேண்டாம்னே." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "ஆமிஷ்காரர்கிட்ட கேட்டே. கத்தோலிக்கர்கிட்டகூடப் போய்க் கேட்டே. என்கிட்ட மட்டும் நீ ஒண்ணுமே கேட்டதில்லையேம்மா. இந்த மாடு இருக்கறவரைக்கும் உனக்கு நான் வேண்டாம்னுதான் நினைச்சுட்டிருந்தேன்."

லாரிக்காரன் ஜன்னலை இறக்கி, எஞ்சினை அணைக்கட்டுமா என்று கேட்டான்.

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, உள்ளே வந்து காபி குடி என்பதுதான் அவள் எப்போதும் சொல்வது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருஷமாக இவனும் தன் வாசலில் ஒரு தடவை கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான் என்பது அவளுக்கு நெஞ்சில் அடித்தது.

"வெள்ளிக்கிழமையே வந்துடு" என்றாள். "நாப்பது பேருக்கு என்னால தனியா சமைக்க முடியாது. ஏணியில ஏறவும் முடியாது. முட்டி வலிக்குது, ரெண்டு வருஷமா வலிக்குது, உன்கிட்ட சொல்லல. நீ எனக்கு வேணும்."

டேரின் தலையைத் தூக்கினான்.

"கூரைக்காக இல்லடா" என்றாள். "எனக்கு வேணும்."

அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு போய் லாரிக்காரனிடம் பேசினான். முற்றத்தில் லாரி திரும்ப இடம் பற்றவில்லை. முன்னும் பின்னுமாக நகர்ந்து நகர்ந்து ஒரு வழியாக வெறுமையாக வெளியே போயிற்று. ஆர்டிஸ் சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். டேரின் பின்னாலேயே வந்து, ஜன்னலருகே நின்று, தன் மேலாளருக்குப் போன் போட்டான். அடுத்த வெள்ளியும் அதற்கு மறுவாரம் முழுக்கவும் லீவு வேண்டும் என்றான். அந்தப் பக்கம் ஏனென்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்கம்மா கூப்பிட்டாங்க" என்றான்.